கால் பங்கு கோதுமை

அக்காவுக்கும் தங்கைக்கும் மூன்று வயது வித்தியாசம். வீட்டில் ஒருத்தியைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டதால், இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. இருவருக்கும் சோறு போட்டது கோதுமைதான். பெரியவளுக்கு விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. சின்னவள் ஊர்க்கோடியில் இருந்த மாவு ஆலையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி. "ஒருத்தி விதைக்கிறா, ஒருத்தி அரைக்கிறா, நான் தின்னுட்டுத் திரியறேன்" என்று சின்னவளின் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நகைச்சுவை. ஆனாலும் அக்கா ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். மாடியில் சின்னவளும் கணவரும். சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்ததும் நேராக மாடியேறி, சமையலறை நிலையில் சாய்ந்து நின்றபடி டீ குடிப்பாள். நகக்கண்ணில் மண் இருக்கும். "கையைக் கழுவிட்டு வாயேன்" என்பாள் தங்கை. "கழுவினா போற மண்ணா இது?" என்பாள் அக்கா. பிறகு பயிரைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் டீ ஆறிப்போகும்.

பதினொரு வருடமாக அவள் ஒரே காரியத்தின் பின்னால் இருந்தாள். மழை தவறினாலும் தாங்கி நிற்கிற ஒரு கோதுமை வேண்டும். ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தடவி, கதிருக்குக் காகித உறை மாட்டி, விளைந்ததைத் தனித்தனியாக விதைத்து, பூக்கிற நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்துவாள். வாடியதைக் கழித்துவிட்டு, நின்றதை எடுத்துக்கொள்வாள். கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது நாற்பத்தேழாம் எண் பாத்தி. குட்டைப் பயிர், பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது நாள் தண்ணீர் காட்டாமல் விட்டும் கதிர் பிடித்தது. அன்றைக்குப் பெரியவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள்.

"நாப்பத்தேழு நின்னுடுச்சுடி! பக்கத்துப் பாத்தி எல்லாம் சருகு. இது மட்டும் என்னைப் பாத்துச் சிரிக்குது."

ஆனால் வயலில் நின்றால் மட்டும் போதாது. அந்த வட்டாரத்தில் விளைகிற கோதுமையில் முக்கால்வாசி அந்த ஓர் ஆலைக்குத்தான் போகும். எந்த ரகத்தை எடுப்பது என்று ஆலையில் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாததை வியாபாரி தொடமாட்டார். வியாபாரி தொடாததை விவசாயி விதைக்கமாட்டார். பட்டியலில் ஏறவேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கோதுமையை அரைத்து, பிசைந்து, ரொட்டி சுட்டுப் பார்த்து, தலைவி கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து சின்னவளுடையது.

நாற்பத்தேழாம் பாத்திக் கோதுமையில் முப்பது கிலோ ஆலைக்கு வந்தது. அதே வருடம், மழையை மட்டும் நம்பியிருக்கிற நிலத்தில் எப்படி வருகிறது என்று பார்க்க, மேட்டு நிலத்தில் சாகுபடி செய்கிற ஒருவருக்கும் பெரியவள் ஒரு மூட்டை விதை கொடுத்திருந்தாள்.

ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே சின்னவள் ஆலை மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"சார், இது எங்க அக்கா உருவாக்கினது. வேற யாரையாவது வெச்சுப் பாக்கச் சொல்லிடலாமா?"

"வேற யாருக்கு மேடம் இதெல்லாம் தெரியும்? நீங்களே பாருங்க. ஆனா பாத்துச் செய்யுங்க. போன மாசம்தான் ஒருத்தரை அனுப்பினோம், ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. அவளுடைய உதவியாளர்தான். ஈரக் கோதுமை ஏற்றி வந்த மச்சானின் லாரியை நல்ல சரக்கு என்று உள்ளே விட்டுவிட்டார். பதினேழு வருட வேலை ஒரே நாளில் போயிற்று. கேன்டீனில் இன்னமும் அதையே மென்றுகொண்டிருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

முதல் ரொட்டி தட்டையாக வந்தது. மாவில் இழுவை போதவில்லை. எழும்ப ஆரம்பித்து, நடுவில் அமுங்கிவிட்டது. தண்ணீரைக் கூட்டி, ஊறுகிற நேரத்தையும் கூட்டி இரண்டாவதைச் சுட்டாள். அதுவும் அப்படித்தான். பேக்கரிகளின் இயந்திரங்கள் கடிகாரம் வைத்து ஓடுகிறவை. இந்த மாவு அவற்றுக்கு ஒத்துவராது என்பதில் சந்தேகமே இல்லை.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. முக்கால் பங்கு வழக்கமான மாவோடு கால் பங்கு நாற்பத்தேழைக் கலந்து மூன்றாவது ரொட்டியைச் சுட்டாள். அடுப்புக் கதவைத் திறந்தபோது அது அச்சுக்கு மேலே பொன்னிறமாக எழும்பி நின்றது. அறுத்தாள். உள்ளே சீரான துளைகள், பஞ்சு மாதிரி. நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். மறுநாள் தொட்டுப் பார்த்தபோதும் அது காய்ந்திருக்கவில்லை.

படிவத்தில் கலவைக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. தேறியது, தேறவில்லை, இரண்டே கட்டம். கீழே 'குறிப்பு' என்று இரண்டு வரிக்கு இடம் இருந்தது. 'கால் பங்கு கலந்தால் நன்றாக வருகிறது' என்று ஐந்து வார்த்தை எழுதினால் போதும். மேலாளர் அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்திருப்பார், செய்யாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பேனாவை அந்த இடத்தில் வைத்தபோது சின்னவளுக்குக் கேன்டீன் மேசைகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. கேட்காத இடத்தில் போய்க் குறிப்பு எழுதியிருக்கிறாள், அக்கா என்றதும் சலுகை காட்டிவிட்டாள் என்று சொல்வார்கள். அவள் 'தேறவில்லை' கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். குறிப்பு இடம் வெறுமையாகவே போயிற்று.

சாயங்காலம் பெரியவள் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை தடவை சுட்டுப் பாத்த?"

"மூணு."

"மூணும் எழும்பலையா?"

இரண்டுதான் எழும்பவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அப்புறம் ஏன் எழுதவில்லை என்று கேட்பாள்.

"மூணும்தான், அக்கா."

பெரியவள் டீயைக் கீழே வைத்தாள். பிறகு தங்கையின் தோளில் கையை வைத்து, "நீ ஏன்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிற? உன் கை மேல எனக்குச் சந்தேகமே இல்ல. கோதுமை சரியில்லன்னா சரியில்லதான்" என்றாள்.

அந்தக் கை தோளில் இருந்த நேரத்தைச் சின்னவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பண்ணையில் பாத்திகள் வேறொருவருக்குப் போயின. இடம் போதவில்லை என்று நாற்பத்தேழின் மூட்டைகளைக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவள் ஒரே ஒரு டப்பா விதையை மட்டும் குளிர்அறையில் ஒளித்து வைத்தாள். ஒரு கோடையில் குளிர்அறை பழுதாகி மூன்று வாரம் கிடந்தது. பிறகு எடுத்து ஊறவைத்துப் பார்த்தாள், ஒன்றும் முளைக்கவில்லை. அவளை வெகுதூரத்தில் இருந்த கிளைப் பண்ணைக்கு மாற்றினார்கள். மழையளவு குறிப்பதும் மரக்கன்று வளர்ப்பதும் அங்கே வேலை. கீழ்த்தளம் பூட்டிக் கிடந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்தால் டீ குடிப்பாள், எல்லாரையும் விசாரிப்பாள். பயிரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

ஐந்தாம் வருடம் மழை பெய்யவில்லை. ஆறாம் வருடமும் பெய்யவில்லை.

முதல் வருடத்தை ஆலை கிடங்கு இருப்பை வைத்து ஓட்டிவிட்டது. இரண்டாம் வருடம் வாசலில் நாற்பது லாரி நிற்கிற இடத்தில் மூன்று நின்றது. அந்த மூன்றிலும் சுருங்கிப்போன மணிகள்தான். ஆலை ஒரு வேளை மட்டும் ஓடியது. ரொட்டிக்கடைகளில் ஆளுக்கு ஒன்று என்றார்கள், பிறகு வீட்டுக்கு ஒன்று என்றார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் ஆலைச் சீருடையைப் பார்த்தால் முறைத்தார்கள். சின்னவள் சீருடைக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவாள்.

ஒருநாள் காலையில் மேலாளர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார்.

"மேடம், உங்க அக்கா ஒரு கோதுமை கொண்டு வந்தாங்களே, தண்ணி இல்லாம நிக்கும்னு. அது எங்க இருக்கு?"

"அது தேறலையே சார்."

"இப்ப எது மேடம் தேறுது? எழும்பாட்டாப் போகட்டும். எதோடயாவது கலந்து ஒப்பேத்துவோம். கேட்டுப் பாருங்க."

எதோடயாவது கலந்து. அவர் போன பிறகு சின்னவள் வெகுநேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் முன்னறிவிப்பு இல்லாமல் கிளைப் பண்ணைக்குப் போனாள். பெரியவள் வேட்டி மாதிரி மடித்துக் கட்டிய பழைய புடவையோடு, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குவளையில் மொண்டு கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தங்கை வந்த காரியத்தைச் சொன்னதும் குவளை அப்படியே கையில் நின்றது.

"கேட்டாங்களா? அவங்களாவே கேட்டாங்களா?"

"ஆமாக்கா."

"அட பாவிகளா" என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சின்னவளால் பார்க்க முடியவில்லை. "என்கிட்ட ஒரு மணி கூட இல்லடி. ஆனா மேட்டு நிலத்துக்காரருக்கு ஒரு மூட்டை குடுத்தேன். அவர் விதைச்சிருந்தா இருக்கும். வா, போவோம். இப்பவே போவோம்."

பஸ்ஸில் போய், இறங்கி ஒரு மணி நேரம் நடந்தார்கள். வழியெல்லாம் கட்டாந்தரை. பெரியவள் தங்கைக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள்.

மேட்டு நிலத்துக்காரர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மனைவியைக் கூப்பிட்டு, "கோதுமை குடுத்த அம்மா வந்திருக்காங்க, பாரு" என்றார். அந்த அம்மாள் வந்து பெரியவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுச்சும்மா, உங்க கோதுமை. மழை தவறின முதல் வருஷம் சுத்துவட்டாரத்துல எல்லார் வயலும் கருகிப்போச்சு. எங்களுது மட்டும் நின்னுச்சு. ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு."

"அப்புறம்? எவ்வளவு இருக்கு இப்ப?" என்று பெரியவள் கேட்டாள்.

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல மழை இருந்த காலத்துலயே நாலு தடவை வியாபாரியைக் கூப்பிட்டுக் காமிச்சேன்" என்றார் அவர். "கையில அள்ளிப் பாத்துட்டு, இதை ஆலை எடுக்காதுன்னு கொட்டிட்டுப் போயிட்டாரு. அதனால கொஞ்சமாத்தான் போட்டேன், மாட்டுக்கு ஆகட்டும்னு. பஞ்சம் வந்ததும் அதைத்தான் தின்னோம். நாங்க மட்டும் இல்ல, இந்தத் தெருவுல பதினோரு வீடு. கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்சே உசிரைப் பிடிச்சுக்கிட்டிருந்தோம்."

"விதைக்கு எடுத்து வைக்கலையா?"

"விக்காத கோதுமையை யாரும்மா விதைக்கு வைப்பாங்க? பசி வந்துச்சு, கையில இருந்துச்சு."

"எந்த மகராசி அந்த ஆலையில உக்காந்துக்கிட்டு இது ஆகாதுன்னு எழுதினாளோ" என்றாள் அந்த அம்மாள். "அவ மட்டும் சரின்னு எழுதியிருந்தா இந்த மேடு முழுக்க இதைத்தானே போட்டிருப்போம்? ஊரே தின்னுருக்குமே!"

சின்னவள் தரையைப் பார்த்தாள். பெரியவள்தான் பதில் சொன்னாள், சட்டென்று, கொஞ்சம் கோபமாகவே.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அவங்க அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. ரொட்டி எழும்பலன்னா எழும்பலன்னுதானே எழுத முடியும்?"

தானியம் வைத்திருந்த தகரத் தொட்டியை அவர்கள் திறந்து காட்டினார்கள். காலி. பெரியவள் குனிந்து, தொட்டிக்குள் தலையையும் தோளையும் விட்டு, மூலைமுடுக்கெல்லாம் கையால் கூட்டி அள்ளினாள். தூசியும் வண்டும் உமியுமாக ஒரு கைக்குட்டை அளவு தேறியது. கைக்குட்டையின் நான்கு முனையையும் முடிந்து எடுத்துக்கொண்டாள். "பதினோரு வீடு" என்று திரும்பி வருகிற வழியில் இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்குகிற இடம் வரை திரும்பவே இல்லை.

கிளைப் பண்ணையில் அவளுக்கு ஒரே ஓர் அறை. மேசைமேல் வெள்ளைக் காகிதத்தை விரித்து, கைக்குட்டையைக் கொட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் பொறுக்கினார்கள். வண்டு குடைந்தது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். முழு மணியாக நூற்றுப் பன்னிரண்டு தேறின.

"இதுல பாதி முளைச்சாலே பெரிசு" என்றாள் பெரியவள். "தொட்டியில போட்டுக் குழந்தை மாதிரி வளத்தாலும், ஒரு லாரி நிறைய அஞ்சு வருஷம் ஆகும். எதுவும் தப்பாம இருந்தா." ஒரு மணியை விரல்நுனியில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பரவாயில்ல. கேட்டாங்க இல்ல, அது போதும்."

சின்னவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அக்கா, மூணு தடவை சுட்டேன்னு சொன்னேன் இல்ல."

"ம்."

"மூணாவது நல்லா வந்துச்சு."

பெரியவளின் விரல் நின்றது.

"கால் பங்கு கலந்து சுட்டேன். நல்லா எழும்புச்சு. குறிப்புல எழுதியிருக்கலாம். எழுதல. அக்காவுதுன்னு தூக்கிவிட்டுட்டான்னு சொல்லுவாங்களோன்னு பயம். அந்தாளை அனுப்பின நேரம், அக்கா. பயந்துட்டேன். உன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பெரியவள் கையில் இருந்த மணியை மற்ற மணிகளோடு சேர்த்து வைத்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று பெரியவள் கேட்டாள்.

"எது?"

"அந்த ரொட்டி."

"மெத்துன்னு இருந்துச்சு. மறுநாளும் காயல."

"நீ சாப்பிட்டியா?"

"ஒரு துண்டு."

பெரியவள் தலையாட்டினாள்.

"எனக்கும் ஒரு துண்டு எடுத்துட்டு வந்திருக்கலாமேடி. அன்னைக்குச் சாயங்காலம் உன் வீட்டுலதானே நின்னேன்."

சின்னவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மூச்சு விட்டால் மணிகள் சிதறிவிடும் என்று பெரியவள் காகிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சரைக்கு பஸ். அதை விட்டா வேற கிடையாது" என்றாள்.

மறுநாள் சின்னவள் நடந்ததை எல்லாம் எழுதி மேலாளரின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். "இதை இப்ப ஏன் மேடம் குடுக்கறீங்க?" என்று கேட்டார். தலைவி பதவி போயிற்று. ஆலை வாசலில், வருகிற லாரிகளின் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுக்கிற வேலைக்கு அவளை அனுப்பினார்கள். கேன்டீனில் பேச்சு நின்றது, இந்தத் தடவை நியாயமாகவே.

ஆனால் மேலாளர் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. ஆய்வுப் படிவத்தில் கலவைக்கென்று தனிக் கட்டம் போடவைத்தார். இனி ஒரு ரகம் தனியாக எழும்பவில்லை என்றாலும், எத்தனை பங்கு கலந்தால் எழும்பும் என்று பார்த்து எழுதியே ஆகவேண்டும். வறட்சி தாங்குகிற ரகங்களைக் கால் பங்கு வரை ஆலை கட்டாயம் எடுக்கும் என்று விவசாயிகளுக்கு எழுத்து மூலமாக உறுதி கொடுத்தார்கள். அவற்றின் விதையில் ஒரு பகுதியை வருடாவருடம் தனிக் கிடங்கில் ஒதுக்கிவைக்கவும் ஏற்பாடு ஆனது. எங்கெங்கோ ஆராய்ச்சிப் பண்ணைகளில் தேறவில்லை என்று மூலையில் கிடந்த ரகங்கள் வெளியே வந்தன. மூன்று தேறின. மூன்றும் வேறு யார் யாரோ உருவாக்கியவை.

பொறுக்கி எடுத்த நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொரு மணி முளைத்தது. பெரியவளுக்கு ஒரு வலைக்கொட்டகை கொடுத்தார்கள். லீவு நாளில் சின்னவள் பஸ் பிடித்துப் போவாள். பெரியவள் வராதே என்று சொல்லவில்லை. "அந்த வரிசைக்கு ஒரு குவளை போதும்", "அந்தக் கதிருக்கு உறை மாட்டு" என்பாள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தங்கை பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடப்பாள். ஒருநாள், "ஊருக்கு வாயேன் அக்கா, கீழ்வீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்று கேட்டாள். "இதுங்களை விட்டுட்டு எங்க வரது?" என்று பெரியவள் தொட்டிகளைக் காட்டினாள். பிறகு சின்னவள் கேட்கவில்லை.

படிவம் மாறிய மூன்றாம் வருடம் மழை அரைகுறையாகத்தான் பெய்தது. ஆனாலும் அறுவடை முடிந்ததும் ஆலை வாசலில் இருபத்தெட்டு லாரி வந்து நின்றது. வறண்ட மேடுகளிலிருந்து வந்த, அந்த மூன்று ரகக் கோதுமை. சின்னவள் முதல் லாரியில் ஏறி, குத்தூசியைச் செருகி எடுத்து, மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். சிறிய மணி, ஆனால் கெட்டியாக இருந்தது. "என்னம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க? நாங்க எப்ப உள்ள போறது?" என்றார் ஓட்டுநர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சம் வந்த பிறகு அந்த வாசலில் முதல் தடவையாக யாரோ சிரிக்கிறார்கள்.

அவள் கீழே இறங்கி, சுவரோரமாகப் போய் நின்று அக்காவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, இருபத்தெட்டு லாரி வந்திருக்கு. எல்லாம் மேட்டு நிலத்துக் கோதுமை. எல்லாத்தையும் எடுக்கறாங்க."

"நல்லது" என்றாள் பெரியவள்.

அடுத்து என்ன சொல்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அங்க மழை இருக்கா?" என்று பெரியவள் கேட்டாள்.

"இல்லக்கா. மேகம் மட்டும் இருக்கு."

"இங்கயும் அப்படித்தான்" என்றாள் பெரியவள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "சரி, வெச்சிடறேன்" என்று வைத்தாள்.